மேனேஜரின் குணம் பற்றிப் பதினொரு புகார்கள்

என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை வாங்கப் போய், காற்பந்துக் குழுவின் மேனேஜராகத் திரும்பி வந்தார். கறிவேப்பிலை வரவில்லை.

"எங்க கறிவேப்பிலை?" என்றேன்.

"மேனேஜர்," என்றார்.

"யாரு மேனேஜர்?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு மின்விசிறியைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முழுதாகச் சொல்லப்பட்டுவிட்டது. மிச்சத்தை நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் குழுவின் செயலாளர்.

எங்கள் கிள்ளான் தாமான் குடியிருப்பில் பழைய ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் சேர்ந்து நடத்தும் காற்பந்துக் குழு அது. வட்டார லீக்கில் ஆடும். ஆடுகிறவர்கள் லோரி ஓட்டுகிறவர்கள், ஏர்கோன் மாட்டுகிறவர்கள், ஒரு வாத்தியார். முந்தைய மேனேஜர் எப்போதும் கத்திக்கொண்டே இருப்பவராம். கோல் விழுந்தால் செருப்பைக் கழற்றித் திடலுக்குள் எறிவாராம். அவர் மகள் வீட்டோடு இருக்கலாம் என்று செராஸுக்குக் குடிபோய்விட்டார். புது ஆளைத் தேர்ந்தெடுக்கக் கோயில் மண்டபத்தில் கூட்டம். கடைவாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரரைச் செயலாளர் சும்மா உட்காருங்கள் என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

மண்டபத்தில் மூன்று கோஷ்டி. மூன்றும் மூன்று மணிநேரம் சண்டை போட்டிருக்கின்றன. அவ்வளவு நேரமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது இவர் ஒருவர்தான். இவர் நம்ம பக்கம் என்று மூன்று கோஷ்டியுமே நினைத்துக்கொண்டதால், இருட்டுவதற்குள் ஒருமனதாகத் தேர்வாகிவிட்டார்.

"காற்பந்து தெரியுமான்னு யாருமே கேக்கலயா?" என்றேன்.

"அவரு மறுக்கல டீச்சர்," என்றார் செயலாளர், பெரிய தகுதியைச் சொல்வது போல.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் ரயிலில் கார்டு. முப்பத்து மூன்று வருஷம் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டியவர். கல்யாணமான நாளிலிருந்து தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தோம். அவர் ஓய்வு பெற்ற பிறகு, கையில் இருந்ததைப் போட்டுக் கிள்ளானில் வரிசை வீடு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று. விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து, குளித்து, சட்டையை உள்ளே விட்டு, வெளிக்கேட்டுப் பக்கத்தில் போய் நிற்பார். போக இடம் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஆறு மணிக்கு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அங்கேதான்.

எனக்குப் பயமாக இருந்தது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. மனுஷன் நாற்காலியோடு நாற்காலியாக ஆகிக்கொண்டிருந்தார். ஜொகூரில் இருக்கும் மகள் தொலைபேசியில், "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்டால், "இருக்காரு," என்று மட்டும் சொல்வேன். மேனேஜர் ஆன மறுநாள் விடிகாலை அவர் கேட்டுக்குப் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து, சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு ஒன்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். இந்த ஆளுக்குக் காற்பந்து தெரிகிறதோ இல்லையோ, இந்த வேலை அவர் கையை விட்டுப் போகக்கூடாது.

முதல் ஆட்டம் ஐந்து மணிக்கு. அவர் மூன்றரைக்கே கிளம்பினார்.

"நானும் வரட்டா?"

"வேணாம். வெயில்."

அவர் போய் ஒரு மணிநேரம் கழித்து நான் மஞ்சள் குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போனேன். திடலில் ஒரு பக்கம் குழுவினர் உட்காரும் பெஞ்சு. எதிர்ப்பக்கம் தகரக் கூரை போட்ட நாலு படிக்கட்டு. ரசிகர்கள் எல்லாம் அங்கேதான். இருபது இருபத்தைந்து பேர் இருக்கும். ஓரமாக, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சூட்டோடு, ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சிக்கு அடித்த பந்து ஒன்று நேராக வந்து எங்கள் கோல்கீப்பரின் மூஞ்சியில் அடித்தது. "ஐயோ, பல்லு போயிருச்சா!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னும் ஆகல அக்கா. உங்க மகன் இரும்பு மாதிரி. பயப்படாதீங்க."

மகன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எதிர்ப்பக்கம் பார்த்து, உதட்டைச் சுழித்து, "அந்தா நிக்கிறாரு பாருங்க புது மேனேஜரு. ஒரு வார்த்த பேசல. பாவம், வீட்டுல பொண்டாட்டி பேச விடமாட்டா போல," என்றார்.

அதற்கப்புறம் எப்படி உண்மையைச் சொல்வது? கோல்கீப்பரின் அம்மாவாகவே இருந்துவிட்டேன்.

அந்தப் பெண் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. எல்லாரும் கிராணி அக்கா என்பார்கள். அவருக்குப் பின்னால் எப்போதும் உட்காருகிறவர் ஓய்வு பெற்ற லோரிக்காரர் ஒருவர், கேரி தீவிலிருந்து வந்தவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு காப்புறுதி ஏஜென்ட், முப்பது வயதுக்காரர், ஐரோப்பிய ஆட்டங்களை ஒன்று விடாமல் பார்க்கிறவர். ஆட்டத்தில் பந்து எங்கே இருக்கிறது என்று இந்த மூன்று பேரும் பார்த்து நான் பார்த்ததில்லை. மூன்று பேரும் பார்த்தது மேனேஜரை.

"மண்ட கனம் லா," என்பார் லோரி அங்கிள். "பிரிக்பீல்ட்ஸ்காரனுக்கு நம்மளப் பாத்தா தோட்டத்தான்னு நெனப்பு. கைய கட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு, நம்ம வீட்டுல பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி."

"இல்ல அங்கிள், அவரு ஆழமான ஆளு," என்பார் ஏஜென்ட். "பெரிய மேனேஜருங்க எல்லாம் இப்படித்தான், பேசவே மாட்டாங்க. எல்லாம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும். அந்த நோட்ட பாருங்க. நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதறாரு. அது முழுக்க டாக்டிக்ஸ்."

"சட்டைய பாருங்க ரெண்டு பேரும்," என்பார் கிராணி அக்கா. "கசங்கிக் கெடக்கு. வீட்டுல சண்ட."

எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. அந்தச் சட்டையை நான்தான் தேய்த்தேன். காரில் ஒன்றரை மணிநேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்திருந்தால் எந்தச் சட்டைதான் கசங்காது? அடுத்த வாரம் குழுவின் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, கையில் கோடு நிற்கிற மாதிரி கொடுத்தனுப்பினேன். கிராணி அக்கா அதைப் பார்த்ததும் தொடையில் தட்டினார். "சமாதானம் ஆயிருச்சு லா! ஆனா பாருங்க, இவ்ளோ வெறப்பா தேய்ச்சிருக்கான்னா, கோவத்துல தேய்ச்சிருக்கா."

மூன்றாவது வாரம் அவர் கழுத்தில் ஒரு ஈரத்துண்டு போட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பொண்டாட்டி அக்கறையானவள் என்று தீர்ப்பானது. நாலாவது வாரம் துண்டு இல்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. துண்டு துவைக்கப் போட்டிருந்தது, அவ்வளவுதான். என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு என் குடும்பத்தை இந்த அம்மாள் வாராவாரம் பிரித்து மேய்ந்தார். இதற்கிடையில் கெரோப்போக் என்ற மீன் அப்பளப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, "சாப்பிடுங்க அக்கா, உங்க மகனுக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க," என்பார். கோல்கீப்பருக்கு முப்பத்தைந்து வயது, லோரி ஓட்டுகிறவர். அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

உண்மையான சிக்கல் மேனேஜரின் கைகளில் இருந்தது. வாயால் பேசாத மனுஷன் கையால் பேசுவார், அதுவும் ரயில் பாஷையில். இரண்டு கையையும் தலைக்கு மேலே நேராகத் தூக்கினால், நில் என்று அர்த்தம். ஒரு கையை மட்டும் தூக்கினால், எல்லாம் சரி, போகலாம். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி மேலும் கீழும் ஆட்டினால், மெதுவாக. இது எனக்குத் தெரியும். ஒரு லோகோ ஓட்டுநருக்குத் தெரியும். ஏர்கோன் மாட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது ஆட்டத்தில் எதிரணி வேகமாக வந்துகொண்டிருந்தபோது அவர் இரண்டு கையையும் தூக்கினார். ஆட்கள் அப்படியே பின்னால் நில்லுங்கள் என்கிறார். எங்கள் ஆட்களோ மேலே போங்கள் என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் முன்னால் ஓடினார்கள். பின்னால் கோல்கீப்பர் மட்டும் தனியாக நின்றார். கோல். அவர் பதறிப்போய் மறுபடியும் இரண்டு கையையும் தூக்கினார். அவர்கள் இன்னும் மேலே ஓடினார்கள். இன்னொரு கோல்.

"சாமி கும்புடறான் பாரு," என்றார் லோரி அங்கிள்.

"அங்கிள், அது ஹை பிரஸ், மேல போயி எதிரணிய நெருக்கறது," என்றார் ஏஜென்ட் பரவசமாக. "ரெண்டு கோல் வாங்கினாலும் சிஸ்டத்த மாத்தல பாத்தீங்களா? அதான் பெர்சனாலிட்டி!"

"அது நில்லுன்னு அர்த்தம்" என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கோல்கீப்பரின் அம்மாவுக்கு ரயில் பாஷை எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? "உங்க மகன் என்னா பண்ணுவான் அக்கா, தனியா விட்டுட்டானுங்க," என்று கிராணி அக்கா என் முதுகைத் தடவினார். வீட்டில் அவரிடம் சொல்லலாமே என்றால், நான் அங்கே போகிறேன் என்பதே அவருக்குத் தெரியாதே. நான் என்னவோ அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆச்சரியம் என்னவென்றால், மூன்றாவது ஆட்டத்தில் எதிரணிக்காரர்களும் அந்தக் கையைப் பார்த்துக் குழம்பி ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்கள். அந்த நிமிஷத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்தோம். லோரி அங்கிள் எழுந்து நின்று கை தட்டினார். "அமைதியான மனுஷன் லா. குணம்னா அது குணம்," என்றார். அடுத்த வாரம் தோற்றதும் மறுபடியும் மண்டைக் கனம். ஒரு மனுஷனின் குணம் இப்படி வாரம் ஒரு முறை மாறும் என்று இருபத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இப்படியே ஆறு ஆட்டம் போனது. ஏழாவது ஆட்டத்துக்கு அவர் கிளம்பிப் போன பிறகு, என் பழைய பள்ளித் தோழி கூப்பிட்டாள். மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறாளாம், மறுநாள் விமானம். எல்லா டீச்சரும் பிரிக்பீல்ட்ஸில் கூடுகிறோம், நீ மட்டும் ஏன் வரக்கூடாது என்றாள். ஒரு ஆட்டம்தானே என்று போய்விட்டேன். வடையும் தே தாரிக் டீயுமாகப் பேசிச் சிரித்ததில் நேரம் போனது தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபோது ஏழரை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி போடவில்லை. எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை. மறுநாள் விடிகாலை அவர் மறுபடியும் வெளிக்கேட்டுப் பக்கத்தில் போய் நின்றார்.

என்ன ஆயிற்று என்று புதன்கிழமை இரவுச் சந்தையில், பாசார் மாலாமில், தெரிந்தது. மீன் கடைக்கு முன்னால் கிராணி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கூடவே ஏஜென்ட்டும் லோரி அங்கிளும்.

"நீங்க வராம போனீங்களே, நல்லதா போச்சு. அஞ்சு பூஜ்யம் அக்கா! உங்க மகன் அழுதுட்டான்."

"ஒரு ஆள மாத்தல," என்றார் லோரி அங்கிள். "ஆட்டத்தையே பாக்கல. ஆட்டம் முழுக்க எங்களையே மொறச்சு மொறச்சு பாத்தான். ரசிகன மொறைக்கிற மேனேஜர நான் இந்த வயசுல இப்பத்தான் பாக்கறேன். இனிமே முடியாது."

ஏஜென்ட்கூட முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார். "ஆழமான ஆளுதான். ஆனா ரொம்ப ஆழம் அக்கா. எறங்கிப் பாக்க முடியல."

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் குழுவின் கூட்டம். ரசிகர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு புகார்க் கடிதம் கொடுக்கப்போகிறார்களாம். மேனேஜரின் குணம் சரியில்லை, ஆளை மாற்று என்று. கடிதத்தை யார் எழுதுவது? நான் டீச்சராக இருந்தவள் என்று என்றோ வாய் தவறிச் சொல்லியிருந்தேன்.

"நல்ல தமிழ்ல, நறுக்குன்னு நீங்கதான் எழுதணும்," என்றார் கிராணி அக்கா. "இல்லன்னா இவன் இங்கிலீஷ்ல எழுதுவான்."

மாட்டேன் என்றுதான் சொல்ல வந்தேன். பிறகு யோசித்தேன். ஏஜென்ட் எழுதினால் பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டு ஆளைத் தூக்கிவிடுவார்கள். நான் எழுதினால் பட்டும் படாமலும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாதிரி எழுதலாம். வேலையைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி என்று தோன்றியது. சரி என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் எழுத உட்கார்ந்தேன். அவர் ஹாலில் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒன்று. மேனேஜர் அதிகம் பேசுவதில்லை' என்று மெதுவாகத்தான் தொடங்கினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அது உண்மை இல்லை. அதிகம் என்பதை அடித்தேன். 'பேசுவதில்லை. இரண்டு. ஏன் பேசுவதில்லை என்று கேட்டால் அதற்கும் பேசுவதில்லை.' அதற்கப்புறம் பேனா என் பேச்சைக் கேட்கவில்லை. எழுத எழுதக் கை சூடேறியது. பட்டும் படாமலும் எழுத வந்தவள் பதினொரு புகார் எழுதி, தேதி போட்டு, மடித்து உறையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு வியர்த்திருந்தது. ஒரு விதத்தில் மனசு லேசாகவும் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று நினைத்தேன். கிழிக்க மனசு வரவில்லை.

மறுநாள் மண்டபத்து வாசலில் கிராணி அக்கா முதல் மூன்றை வாய்விட்டுப் படித்தார். சிரித்ததில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டீச்சர், நீங்க என்னமோ இந்த ஆளோட குடும்பம் நடத்துன மாதிரி எழுதியிருக்கீங்க!" என்றார். மிச்சத்தை யாரும் படிக்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். நான் பின்வரிசையில், தூணுக்கு மறைவில் உட்கார்ந்துகொண்டேன். முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். அரை மணி முன்னாலேயே வந்திருப்பார்.

செயலாளர் கடிதத்தைப் பிரித்து ஒலிபெருக்கியில் வாசித்தார். மூன்றாவது, எந்த முடிவையும் எடுத்த பிறகுதான் சொல்வார், பல நேரம் அதையும் சொல்வதில்லை. "ஆமா லா!" என்று சத்தம் வந்தது. நாலாவது, குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாக வந்துவிட்டு, குறித்த நேரத்துக்கு வருகிறவர்களைத் தாமதமாக வந்தவர்களாகப் பார்ப்பார். கைதட்டல். ஆறாவதுக்கு லோரி அங்கிள் எழுந்தே நின்றுவிட்டார். ஏழாவது வந்தது.

"ஏழு. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சொல்ல மாட்டார். தட்டை ஒரு இஞ்சு தள்ளி வைப்பார். நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும்."

கை தட்டப் போன கைகள் பாதியில் நின்றன. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டாவதைப் பார்த்தார். "எட்டு. காய்ச்சல் என்றால் வாய் திறந்து சொல்வதில்லை. மருந்து உறையைக் குப்பைத் தொட்டியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது..." நிறுத்திவிட்டார். "மேனேஜர் எப்ப நம்மகூட சாப்பிட்டாரு? யாரு எழுதினது இத?"

"நம்ம கோல்கீப்பர் அம்மா," என்று கிராணி அக்கா பெருமையாகத் தூணைக் காட்டினார்.

"எங்க அம்மா ஈப்போவுல இல்ல இருக்காங்க," என்றார் கோல்கீப்பர்.

செயலாளர் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "டீச்சர்! நீங்களா? ஐயோ, இது மேனேஜரோட வீட்டுக்காரம்மா லா!"

எனக்குத் தூணுக்குள்ளேயே புகுந்துவிடலாமா என்று இருந்தது. கிராணி அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, கசங்கிய சட்டை, துண்டு, அம்மா வீடு எல்லாம் வரிசையாக அவருக்கு ஞாபகம் வந்துகொண்டிருக்கிறது என்று. ஆனால் என் கவலை அதுவல்ல. வேலையைக் காப்பாற்ற வந்தவள், அத்தனை பேர் முன்னால் என் கையாலேயே அதைப் பறித்துவிட்டேன். அவர் இனி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

"மேனேஜர் ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார் செயலாளர்.

அவர் எழுந்தார். கடிதத்தை வாங்கி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒன்று முதல் பதினொன்று வரை நிதானமாகப் படித்தார். பதினொன்றில் ரொம்ப நேரம் நின்றார். அதில் நான் எழுதியிருந்தது, 'இத்தனை காலம் உடன் இருந்தும் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.' பிறகு மைக்கைப் பார்த்து, "எல்லாம் சரிதான்," என்றார். உட்காரப் போனவர் திரும்பி, "அன்னிக்கு உப்பு கம்மிதான்," என்றும் சொன்னார்.

அவர் பதவிக்கு வந்ததிலிருந்து பேசிய நீளமான பேச்சு அதுதான். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு லோரி அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். கையெழுத்துப் போட்ட எல்லாருடைய சார்பிலும் பேசுவதாகச் சொன்னார்.

"இங்க பாருங்க. இது புருஷன் பொண்டாட்டி விஷயம். நாம நடுவுல போறது மரியாத இல்ல. கடுதாசிய திருப்பிக் குடுத்துருங்க."

"அப்ப மேனேஜர் குணம்?" என்றார் ஏஜென்ட்.

"அது குடும்ப விஷயம்னு சொல்றேன் இல்ல? டீச்சர் பாத்துக்குவாங்க."

அப்படியே தீர்மானம் ஆனது. செயலாளர் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார். மேனேஜரின் குணம் சம்பந்தப்பட்ட எல்லாப் புகாரும் இனி அவருடைய மனைவியிடம் கொடுக்கப்பட வேண்டும். இன்றுவரை அதுதான் நடைமுறை. தோற்றால் ரசிகர்கள் குழுவிடம் போவதில்லை, நேராக என்னிடம் வருகிறார்கள். "டீச்சர், ரெண்டாவது பாதியில ஏன் மொறச்சாருன்னு கேட்டு வைங்க." கிராணி அக்கா இப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கெரோப்போக் மட்டும் முன்பைவிடப் பெரிய பொட்டலமாக வருகிறது. இரண்டு கையைத் தூக்கினால் நில் என்று அர்த்தம் என்பதை அந்த ஞாயிறே கோல்கீப்பருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து காரில் வரும்போது நான்தான் பேச்சை எடுத்தேன்.

"நான் திடலுக்கு வர்றது உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

அவர் பாதையைப் பார்த்தே ஓட்டினார். ஒரு கையால் சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்து என் மடியில் போட்டார்.

ஆட்டத்துக்கு ஒரு பக்கம். அவருக்கே உரிய குண்டுக் கையெழுத்து, ரயில் பதிவேடு மாதிரி கட்டம் போட்டு, நேரம் போட்டு. முதல் பக்கத்தில், 4.47 மஞ்சள் குடை வந்தது. 6.52 புறப்பட்டது. இரண்டாவது பக்கத்தில், 4.51 மஞ்சள் குடை வந்தது. நடுவில் 'குடை மடக்கியது, மழை இல்லை' என்று ஒரு குறிப்பு. ஆறு பக்கமும் இதேதான். யார் கோல் போட்டார்கள் என்று இல்லை, யார் ஜெயித்தார்கள் என்று இல்லை. ஏஜென்ட் கும்பிட்ட டாக்டிக்ஸ் ஒரு வரிகூட இல்லை.

ஏழாவது பக்கத்தைத் திருப்பினேன். 4.50 மஞ்சள் குடை வரவில்லை. 5.00 வரவில்லை. 5.10 வரவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு வரி, பக்கம் முடிகிற வரைக்கும். ஐந்து கோலும் இந்த வரிகளுக்கு நடுவில்தான் விழுந்திருக்கின்றன. லோரி அங்கிளை முறைத்துப் பார்த்ததாகச் சொன்னார்களே, அந்த மனுஷன் அத்தனை நேரமும் தகரக் கூரைக்கு அடியில் ஒரு குடையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசி வரி: 6.45. தாமதம். காரணம் தெரியவில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன். பதில் வரவில்லை. புகார் எண் இரண்டு.

"பிரிக்பீல்ட்ஸ்ல இருந்தேன்," என்றேன். "டீச்சருங்களோட. வடை சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

சிவப்பு விளக்கு விழுந்தது. அவர் காரை நிறுத்தி, என் மடியிலிருந்து நோட்டை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டார். 'தெரியவில்லை' என்பதை ஒற்றைக் கோடாக அடித்தார். பக்கத்தில் 'வடை' என்று எழுதினார். நேரம் பார்த்துக் குறித்து, கீழே கையெழுத்தும் போட்டார். பச்சை விழுந்து பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவர் நோட்டை மூடிப் பையில் வைத்த பிறகுதான் கிளம்பினார்.